குழியில் தண்ணீர் ஊறுமே – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளர் அம்மாவுக்கு,

வேதாரண்யத்திலிருந்து எழுதுகிறேன். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய என் முதல் நாவல் சென்ற ஆண்டு வெளியானது. 300 பிரதிகள் அச்சிட்டார்கள். அவற்றில் 140 என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. முகநூலில் தினமும் எழுதுங்கள், இன்ஸ்டாகிராமில் காணொளி போடுங்கள், ஆளைத் தெரிந்தால்தான் புத்தகம் தெரியும் என்கிறார் பதிப்பாளர். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீங்களோ சிற்றூர் நூலகங்களுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பத்துப் பதினைந்து பேரிடம் பேசிவிட்டு வருகிறீர்கள். அந்த நேரத்தில் ஓர் அத்தியாயம் எழுதிவிடலாமே என்று நினைத்திருக்கிறேன். எழுதுகிறவர் எழுதினால் போதாதா? வாசகர் முன்னால் போய் நிற்கத்தான் வேண்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

கட்டாயம் ஒன்றும் இல்லை. யாரையும் சந்திக்காமல் நன்றாக எழுதியவர்கள் உண்டு. நான் ஏன் போகிறேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தைப் பற்றிய என் நாவலில் ஒரு காட்சி. ஐப்பசி அடைமழை. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். தந்தை மட்டும் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு விடிய விடியக் குழித்தறியில் உட்கார்ந்து, மகள் கல்யாணச் செலவுக்காக ஒரு பட்டுச்சேலையை நெய்து முடிக்கிறார். மழையின் சத்தமும் தறியின் சத்தமும் ஒன்றாகக் கலப்பதைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பர்கள் அந்தப் பக்கத்தைத்தான் பாராட்டினார்கள். மதிப்புரைகளிலும் அதைத்தான் எடுத்துப் போட்டார்கள்.

புத்தகம் வந்து சில மாதங்கள் கழித்து, காஞ்சிபுரத்தில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். வந்திருந்தவர்கள் 13 பேர். பேசி முடித்ததும் கடைசி நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். கையில் நூலக முத்திரை குத்திய பிரதி, நடுவே ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளமாக வைத்திருந்தார்.

"அம்மா, ஐப்பசி மழையில் குழியில் தண்ணீர் ஊறுமே. உங்கள் ஆள் காலை எங்கே வைத்துக்கொண்டு நெய்தார்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டுத்தான் மிதியை மிதிக்க வேண்டும். இது எனக்குத் தெரியும், நாவலிலேயே எழுதியும் இருக்கிறேன். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் அந்தக் குழிக்குள் ஏறும் என்பது மட்டும் தோன்றவே இல்லை. அவர் ஒரு மணி நேரம் பேசினார். ஈரக்காற்றில் இழை படுத்தும் பாடு, தெருவில் பாவு (நெசவுக்கான நீள இழைகள்) நீட்ட முடியாத நாட்கள், அடுப்பு எரியாத வீடுகள். மழை அவர்களுக்குச் சங்கீதமாக இருந்ததே இல்லை.

இரண்டாம் பதிப்பில் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். இப்போது தந்தை நெய்வதில்லை. குழியோரம் குந்தியிருந்து சொம்பால் தண்ணீரை மொண்டு வாசலில் ஊற்றுகிறார். மறுபடியும் ஊறுகிறது. மறுபடியும் மொள்கிறார். கடைசியில் மகள் எழுந்து வந்து அவர் கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொள்கிறாள். இன்று எனக்கு வரும் கடிதங்களில் பாதி அந்தச் சொம்பைப் பற்றியவை. அதை எனக்குக் கொடுத்தவர் முகநூலில் இல்லை. அந்த நூலகத்துக்கு நான் போயிருக்காவிட்டால் அவரைச் சந்தித்திருக்கவே மாட்டேன்.

வாசகரைத் தேடிப் போவது இன்று வந்த பழக்கமும் இல்லை. 1959ல் 'எழுத்து' என்ற இலக்கியச் சிற்றிதழைத் தொடங்கிய எழுத்தாளர் சி.சு. செல்லப்பா, தான் வெளியிட்ட புத்தகங்களை மூட்டையாகச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போனவர். திருநெல்வேலி சுடலைமாடன் கோயில் தெருவிலிருந்து விமர்சகர் தி.க.சி. எழுதிய அஞ்சலட்டைகள் எத்தனை இளம் எழுத்தாளர்களின் வீட்டு வாசலில் போய் விழுந்திருக்கின்றன! எழுத்தாளர் வல்லிக்கண்ணனும் அப்படித்தான். பதினைந்து பைசா அட்டையில், இன்ன இடம் பிடித்தது என்று நாலு வரி. அந்த நாலு வரி ஒருவருக்கென்றே எழுதப்பட்டது. எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்று அதன் அடியில் எண் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

அந்த எண்ணுக்குத்தான் நான் அஞ்சுகிறேன். ஒரு காலத்தில் ஆறு மாதம் முகநூலில் தினமும் எழுதினேன். காலையில் நாவலைத் திறந்தால் வாக்கியங்கள் விருப்பக்குறிக்காகக் காத்து நிற்பதுபோல் இருந்தன. எனக்குத் தெரியாத விஷயங்களில் எல்லாம் கருத்துச் சொல்லியிருந்தேன். நாவல் ஏழாம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் திறக்கிறேன். கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்லவும், புத்தகத்தைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்பவருக்குப் பதில் எழுதவும் அது மிக நல்ல கருவி. வெளிநாட்டு வாசகர்களை அது இல்லாமல் எனக்குத் தெரிந்தே இருக்காது.

புத்தகக் காட்சிகளுக்கும் போகிறேன். 2022 முதல் மாவட்டம்தோறும் அரசே நடத்துகிறது. மனதார வரவேற்கிறேன். ஆனால் கையெழுத்து வாங்கும் வரிசையில் ஒருவருக்கு அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடத்தில் குழித்தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

உங்களுக்குக் கூச்சம் என்றால் காணொளியை விட்டுவிடுங்கள். அதனால் நாவலுக்கு ஒரு குறையும் வராது. இனி உங்கள் ஊருக்கு வருவோம். 1930ல் ராஜாஜி உப்பெடுக்க நடந்து வந்த ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்கள் வேதாரண்யத்தை அறிவோம். உப்புப் பாத்தியில் நாளெல்லாம் நிற்கிறவர்கள் உங்கள் நாவலைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

மழை பிடித்துக்கொண்டால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த மாதங்களில் ஒரு மாலை, உங்கள் கிளை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், நூலகம் விடுமுறை. முன்கூட்டியே நூலகத்துக்கு இரண்டு பிரதிகள் கொடுத்துவிடுங்கள். அன்று உரை எதுவும் ஆற்றாமல், ஓர் அத்தியாயத்தை உரக்கப் படியுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களும் வந்து உட்காரலாம் இல்லையா? உங்களுக்கே சந்தேகமாக இருக்கும் அத்தியாயமாகத் தேர்ந்தெடுங்கள். படித்துவிட்டுப் பேசாமல் இருங்கள். யாராவது தவறு என்று சொன்னால் பதில் சொல்லாமல் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் கதையை ஏன் எழுதினாய் என்று ஒருவர் கோபப்படக்கூடும். அதையும் உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும்.

தேதி முடிவானதும் எழுதுங்கள். நாகப்பட்டினம், திருவாரூர் பக்கத்து நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் தெரிவிக்கிறேன். நானும் வருகிறேன், பேச அழைக்க வேண்டாம். கட்டிலுக்கு அடியில் இருப்பதில் ஒரு பிரதியை எனக்கு எடுத்து வையுங்கள், விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்.