சினிமா மியூசிஷியன்ஸ் யூனியன்ல கார்டு எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். நான் திருச்சி பக்கம், வயலின் வாசிக்கிறேன். பெரும்பாலும் லைட் மியூசிக் கச்சேரிதான், நடுநடுவுல சென்னைல ரெக்கார்டிங்குக்குக் கூப்பிடுவாங்க, வீட்லயே வாசிச்சு ஃபைல் அனுப்புற வேலையும் வருது. யூனியன்ல சேந்துடுன்னு ஒரு சீனியர் சொல்றாரு. வீட்லயோ, என்ட்ரி ஃபீஸ் கட்டுற காசுல ஒரு நல்ல மைக் வாங்கலாமேங்கறாங்க. என்ன பண்றது?

பதில்: தம்பி, போன ஒரு வருஷத்துல கைக்கு வந்த காசுல சினிமா ரெக்கார்டிங் காசு எவ்வளவுன்னு உக்காந்து கணக்கு போடுங்க. பாதிக்குப் பக்கத்துல வந்தா யோசிக்கவே வேண்டாம், சேந்துடுங்க. எப்பவோ ஒரு தடவை கூப்பிடுறாங்கன்னா இப்போதைக்கு மைக் வாங்குங்க, ஏன்னா கார்டு இருக்குங்கறதுக்காக யாரும் கூப்பிட மாட்டாங்க, கூப்பிடுறது மியூசிக் டைரக்டரும், வாசிக்கறவங்களை ஏற்பாடு பண்ற கோஆர்டினேட்டரும்தான், அவங்களுக்கு உங்க வாசிப்பு தெரிஞ்சிருக்கணும்.

ஆனா வேலை வர ஆரம்பிச்சப்புறமும் வெளியவே நிக்கறது தப்புன்னுதான் சொல்லுவேன். சென்னைல இந்த சங்கத்தைக் கட்டி எழுப்புன எம்.பி. சீனிவாசன் தானே ஒரு மியூசிக் டைரக்டர், அப்படி இருந்தும் வாசிக்கறவங்க பக்கம் நின்னாரு. ஒரு கால்ஷீட்டுக்கு, அதாவது இத்தனை மணி நேர ரெக்கார்டிங்குக்கு, இவ்வளவுன்னு ஒரு ரேட் இருக்கறதும், பேமென்ட் நின்னுபோனா கேக்கறதுக்கு ஒரு ஆபீஸ் இருக்கறதும் சும்மா வந்ததில்ல. தனி ஆளா நீங்க போன் போட்டு கேட்டா அடுத்த கால் வராதோன்னு பயம் இருக்கும், சங்கம் கேட்டா அந்த பயம் உங்க தலைல ஏறாது.

இன்னொண்ணு, இதை நெறைய பேர் கவனிக்கறதில்ல. 2012ல காப்பிரைட் சட்டத்தைத் திருத்துனப்போ, வாசிப்பை வியாபாரமா பயன்படுத்துனா வாசிச்சவங்களுக்கும் ராயல்டி உண்டுன்னு கொண்டு வந்தாங்க. அதே சட்டத்துல, படத்துல போற போக்குல சின்னதா ஏதோ பண்ணவங்க, டைட்டில்ல எங்கயுமே பேரு போடற வழக்கம் இல்லாதவங்க, அவங்களை அந்தக் கணக்குல சேக்க மாட்டோம்னும் இருக்கு. அப்ப டைட்டில்ல உங்க பேரு வர்றது வெறும் பெருமைக்காக இல்ல, நாளைக்கு உரிமை கேக்கறப்போ காட்டறதுக்கு ஒரு ஆதாரம். எல்லா வாத்தியக்காரங்க பேரையும் போடுங்கன்னு ஒரு வயலின்காரர் தனியா போய் சொன்னா யாரு காதுல விழும், சங்கம் சொன்னாதான் விழும்.

மேடை வேலைக்கு இந்த கார்டு உதவாது, திருவிழாக் கமிட்டி மீதிக் காசை இழுத்தடிச்சா சினிமா சங்கம் வந்து கேக்காது. அதுக்கு உங்க ஊர் ட்ரூப்காரங்க ஒண்ணு கூடணும், ஏழு பேர் இருந்தா சங்கம் பதிவு பண்ணலாம்னு 1926 தொழிற்சங்கச் சட்டத்துலயே இருந்துச்சு. ஃபைல் அனுப்புற வேலைதான் எனக்கும் கவலை. கால்ஷீட் ரேட்டெல்லாம் ஸ்டூடியோவுல இத்தனை மணி நேரம்னு போட்டது, வீட்ல ராத்திரி முழுக்க வாசிச்சு பத்து டேக் அனுப்பறதை யாரு எந்தக் கணக்குல வைப்பா? வயலின், செல்லோன்னு பெரிய ஸ்ட்ரிங்ஸ் செக்‌ஷன் வேணும்னா வெளிநாட்டுல புடாபெஸ்ட்டுக்கும் மாசிடோனியாவுக்கும் போறாங்க, சின்னதுன்னா கீபோர்டுலயே முடிச்சிடறாங்க, மிச்சம் இருக்கற சோலோ வேலை இப்படி வீட்டுக்கு வந்துடுச்சு. இதுக்கு ரேட் போடச் சொல்லி உள்ள இருந்து கேக்க உங்க வயசுப் பசங்கதான் வேணும்.

கட்டறதுக்கு முன்னாடி ஆபீஸுக்கு நேர்ல போங்க. ஃபீஸை தவணையா கட்டலாமா, எப்ப இருந்து ஓட்டு போடலாம், மருத்துவ உதவி யாருக்கெல்லாம் கிடைக்கும், போன வருஷ வரவு செலவைக் காட்டுவாங்களான்னு கேளுங்க. பைலா, அதான் சங்கத்தோட விதிமுறை, ஒரு காப்பி வாங்கி வீட்டுக்கு வந்து நிதானமா படிங்க. எவ்வளவு கட்டினாலும் ரசீது இல்லாம கட்டாதீங்க, கூட்டிட்டுப் போறவர் சீனியரே ஆனாலும் சரி.