வேனில் தங்கி மணப்பாட்டில் அலையேறலாமா? கேள்விகளும் என் பதில்களும்

பாளையங்கோட்டையில் வேன்களுக்கு பாடி வேலை பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் விலைக்கு வந்த ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த்தொட்டி எல்லாம் வைத்து எனக்கும் வீட்டுக்காரிக்கும் ஓடும் வீடாக்கிக்கொண்டேன். திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி வரை இந்தக் கரையில் நாங்கள் படுத்து எழும்பாத ஊர் குறைவு. நாற்பத்தாறு வயதில், திருச்செந்தூருக்குத் தெற்கே இருக்கிற மணப்பாட்டில் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) பழகினேன். இன்றைக்கும் பாதி நேரம் விழுந்துகொண்டுதான் இருக்கிறேன், அதனால் அந்த விஷயத்தில் என்னைப் பெரிய வித்வானாக நினைக்க வேண்டாம். கேள்வி கேட்டவர்களை ஊர்ப்பெயர் சொல்லியே குறிப்பிடுகிறேன்.

வள்ளியூர்: அண்ணாச்சி, என்கிட்ட மாருதி ஈகோ வண்டி இருக்கு. டிராவலர் வாங்கினாத்தான் இதெல்லாம் முடியுமா?

வாங்காதீங்க தம்பி. ரெண்டு பேருக்கு ஈகோ போதும். டிராவலரை எடுத்துக்கொண்டு மணப்பாட்டுத் தெருவுக்குள் நுழைந்து, எதிரே மீன் வண்டி வந்து, நான் வேர்த்து விறுவிறுத்துப் பின்னால் எடுத்த கதை என் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும். கடலோர ஊர்களில் தெருக்கள் சைக்கிளுக்கும் தலைச்சுமைக்கும் அமைந்தவை. சின்ன வண்டி என்றால் எங்கேயும் ஒதுங்கலாம்.

மடக்குக் கால் வைத்த பிளைவுட் பலகையை இருக்கைகளுக்கு மேலே மட்டமாக உட்காரும்படி செய்துகொள்ளுங்கள். மேலே நாலு அங்குல மெத்தை. ஊருக்குத் திரும்பியதும் பலகையைத் தூக்கி மச்சில் போட்டுவிட்டால் வண்டி பழைய வண்டிதான். முதல் நாலு பயணம் இப்படியே போய்வாருங்கள். அதற்குள் உங்களுக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று தெரிந்துவிடும். வேனைச் செய்யக் கொடுத்துவிட்டு அப்புறம் யோசிக்கிற ஆட்கள்தான் என் பட்டறைக்கு இரண்டாம் முறை வருகிறார்கள்.

தென்காசி: சீட்டைக் கழற்றி, கூரையை வெட்டி உயர்த்திக்கிட்டா போலீஸ் பிடிப்பாங்களா?

போலீஸை விடுங்கள், இன்சூரன்ஸை நினையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. இருக்கை எண்ணிக்கை, கூரை உயரம் இரண்டும் அதில் அடங்கும். மாற்றத்தான் வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ. ஆபீசில் முன்கூட்டியே அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன், நாலு நடை நடந்தேன். நடக்காமல் விட்டால் ஒரு விபத்து நடக்கிற அன்றைக்கு உங்கள் பாலிசி வெறும் காகிதமாகிவிடலாம். பலகைக் கட்டில், பெட்டி அடுப்பு மாதிரி தூக்கி இறக்கும் சாமான்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

சங்கரன்கோவில்: சோலார் போட்டு ஏ.சி. ஓட்டலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12.8 வோல்ட், 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது 1280 வாட்-அவர். சின்ன ஏ.சி. 1000 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம் தாண்டிக் கொஞ்சத்தில் பேட்டரி காலி. அதே பேட்டரியில் 30 வாட் மின்விசிறியை எட்டு மணி நேரம் ஓட்டினால் செலவு 240. மிச்சத்தில் 12 வோல்ட் குளிர்பெட்டி, விளக்கு, செல்போன் சார்ஜ் எல்லாம் நடக்கும். கூரையில் 200 வாட் பேனல் இருந்தால் நம்ம ஊர் வெயிலுக்கு மறுநாள் மத்தியானத்துக்குள் பெரும்பாலும் நிறைந்துவிடும்.

ஏ.சி.யை மறந்துவிட்டு, எதிரெதிரே ரெண்டு ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள். கடலோரத்தில் ராத்திரி காற்றுக்குப் பஞ்சமில்லை, கொசுவுக்கும் பஞ்சமில்லை.

நாசரேத்: அலைச்சறுக்குக்கு எல்லாரும் கோவளம்னு சொல்றாங்க. நம்ம பக்கம் மணப்பாடு அப்படி என்ன விசேஷம்?

முதல் தடவை பழகுகிறவர் என்றால் சென்னைப் பக்கத்துக் கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ போங்கள். அங்கே பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன, பலகை வாடகைக்குக் கிடைக்கும். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில்தான் நடந்தது. நம் நாட்டு வீரர் ரமேஷ் புதிஹால் அதில் வெண்கலம் வாங்கினார்.

மணப்பாட்டின் விசேஷம் அந்த மேடு. திருச்செந்தூரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் போல வரும். கடலுக்குள் மூக்கு நீட்டினாற்போல ஒரு குன்று, அதன் மேலே 1581-இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில், கடலைப் பார்த்தபடி ஒரு குகை. பிரான்சிஸ் சேவியர் 1542-இல் வந்தபோது தங்கிய குகை என்பார்கள். தெற்கேயிருந்து வரும் அலை இந்த மூக்கில் இடித்து, வளைந்து, வரிசையாக உடையும். திறந்த கரையில் அலை மொத்தமாக ஒரே நேரத்தில் மடிந்து விழும், ஏறுவதற்குள் முடிந்துவிடும். இங்கே ஒரு முனையில் உடையத் தொடங்கி மறுமுனைக்கு ஓடுகிறது, நாமும் கூடவே ஓடலாம். மேட்டின் மறுபக்கம் கருமேனியாறு வந்து சேரும் இடத்தில் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். பலகையில் குப்புறப் படுத்துக் கைவலிக்கப் பழகுகிற முதல் பாடத்தை நான் அங்கேதான் படித்தேன்.

வடகிழக்கிலிருந்து வரும் அலையை இலங்கை மறித்துக்கொள்கிறது. அதனால் மார்கழியில் கோவளத்தில் அலை நன்றாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு இங்கே ஓடி வந்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஏர்வாடி: எந்த மாசம் வரணும்?

எதற்கு வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சும்மா வேனில் தங்கி, காலாற நடந்து, மீன் வாங்கிச் சமைக்க என்றால் தை, மாசி. அலைக்கு என்றால் வைகாசிக்கு அப்புறம். ஆனால் அப்போதுதான் கச்சான் என்கிற மேல்காற்றும் கிளம்பும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நுழைந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவிட்டு வருகிற அதே காற்றுதான். நம் கரையில் அது நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. அலையின் முகத்தைச் சீவி நிறுத்தும், பார்க்க அழகு. கூடவே உங்களையும் பலகையோடு கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். துடுப்புப் பலகையில் நின்றுகொண்டு போகிறவர்கள் அந்த மாதங்களில் தண்ணீரில் இறங்காமல் இருப்பதே நல்லது.

வண்டியையும் காற்றைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். மூக்கு மேற்கே, பக்கக் கதவு காற்று மறைவில். ஓர் ஆடி மாதம் உவரியில் இதைக் கவனிக்காமல் தார்ப்பாயை விரித்துக் கட்டினேன். விடிந்து பார்த்தால் அது மூன்றாவது பனைமரத்தின் கழுத்தில் தொங்கியது. இறக்கித் தர ஏறிய பெரியவர் காசு வாங்கவில்லை, ஆனால் மதியம் வரை சிரித்தார்.

ஐப்பசி, கார்த்திகையில் மழைச் செய்தியைக் கேட்காமல் புறப்படாதீர்கள். மார்கழி பிறந்தாலும் உடனே நம்பிவிடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதும் தாமிரபரணி ஊருக்குள் வந்ததும் யாருக்கும் மறந்திருக்காது. குலசேகரன்பட்டினத்துத் தசரா சமயத்தில் அந்தச் சாலையில் வேனோடு மாட்டினால் வேடம் போட்டவர்களுக்கு நடுவே நீங்களும் நடந்துதான் போக வேண்டும். அதைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் அது வேறு விஷயம், கட்டாயம் வாருங்கள்.

பாளையங்கோட்டை: நான் கல்லூரி ஆசிரியை, தனியா வர்ற ஆசை. ராத்திரி எங்கே நிறுத்துறது?

தங்கச்சி, ஆளில்லாத கரைதான் அழகு என்று படத்தைப் பார்த்து நினைத்துவிடாதீர்கள். அது படத்துக்கு மட்டும்தான் அழகு. திருச்செந்தூர் கோயில் வாகன நிறுத்தம், உவரியில் சுயம்புலிங்கசுவாமி கோயில் பக்கம், அந்தோணியார் கோயில் பக்கம் என்று ராத்திரியும் குடும்பங்கள் படுத்திருக்கிற இடங்களைப் பாருங்கள். செவ்வாய், வெள்ளி என்றால் துணைக்கு ஆள் இன்னும் அதிகம். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து, பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்து, "இங்கே நிறுத்திக்கிடலாமா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்டுவிட்டால் நீங்கள் அந்தக் கடைக்காரம்மாவின் விருந்தாளி. கேட்காமல் நின்றால் யாரோ ஒரு வண்டி.

வள்ளம் ஏற்றியிருக்கும் கரையில் மட்டும் நிறுத்தாதீர்கள். நமக்கு அது கடற்கரை, அவர்களுக்கு அது பட்டறை. விடியற்காலை மூன்று மணிக்கு வலை ஏற்ற வருகிற ஆள், வழியில் நிற்கும் வேனைத் தட்டி எழுப்பினால் கோபப்பட நமக்கு என்ன உரிமை? கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டி நிறுத்துவதும் டிரோன் விடுவதும் வேண்டவே வேண்டாம்.

அம்பாசமுத்திரம்: கக்கூஸ், குளியல்?

எல்லாரும் கேட்க நினைத்துக் கேட்காத கேள்வி. கோயில் ஊர்களில் கட்டணக் கழிப்பறை உண்டு. அவசரத்துக்கு மூடி போட்ட கையடக்கக் கழிப்பறை ஒன்றை வைத்துக்கொண்டு, கழிவை முறையான கழிப்பறையில் மட்டும் கொட்டுங்கள். கடலில் குளித்தபின் உப்பை அலச ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், ஒரு செம்பு, போதும். எங்கள் தொட்டி நாற்பது லிட்டர், இரண்டு நாள் வருகிறது.

களக்காடு: நீச்சல் ஓரளவுதான் தெரியும். இறங்கலாமா?

ஆற்று நீச்சலை நம்பிக் கடலில் இறங்காதீர்கள், ஐயா. நாம் எல்லாரும் தாமிரபரணியில் குதித்து வளர்ந்தவர்கள்தான். கடல் வேறு. இரு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக இருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல் கலங்கலாகத் தெரிந்தால், அது அமைதியான இடமில்லை. தண்ணீர் கடலுக்குள் திரும்பிப் போகிற வழி அது. அதில் சிக்கினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாக நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்ப வேண்டும்.

கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. தெற்கே பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி எழும்பிய புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஏறும். சித்திரை, வைகாசியில் அதிகம். 2024 மே 6-ஆம் தேதி, எச்சரிக்கை இருந்த நாளில், கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது, செல்போனில் பார்த்துவிட்டு இறங்குங்கள். அதைவிட எளிய வழி, கரையில் வள்ளங்கள் வழக்கத்தைவிட மேலே இழுத்து ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. ஏற்றியிருந்தால் அன்றைக்குக் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்திருங்கள்.

திருக்கை முள் குத்தினால் கை பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் காலை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப்போகும்.

சாத்தான்குளம்: தேரி மணலில் (செம்மணல் மேட்டில்) வேன் இறக்கலாமா?

உங்கள் ஊர்க்காரர் இதைக் கேட்கலாமா! நான் இறக்கினேன். குதிரைமொழித் தேரியில், சிவப்பு மணல் இறுகிக் கிடப்பதுபோலத் தெரிந்ததை நம்பி. பின் சக்கரம் சுழன்றது, ஆக்சிலேட்டரை மிதித்தேன், அச்சு வரை இறங்கிவிட்டது. மிதித்ததுதான் தப்பு. பதநீர் இறக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்தார்கள். சக்கரத்துக்கு முன்னால் கையால் மணலைப் பறித்தார்கள். நான் அவசரத்தில் பனைமட்டையை எடுக்கப்போக, "கருக்கு கையைக் கிழிச்சிரும், ஓலையைப் போடும்" என்று ஒருவர் தட்டிவிட்டார். டயர் காற்றை இருபது பி.எஸ்.ஐ. வரை இறக்கி, ஓலையை அடுக்கி, இரண்டாம் கியரில் மெதுவாக எடுத்தேன். ஏறிவிட்டது. காற்றடிக்கிற பம்பு ஒன்று வண்டியில் இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, உடன்குடி வரை தொளதொளவென்றே உருட்டிக்கொண்டு போனேன்.

கடையநல்லூர்: அலைச்சறுக்குப் பலகையை எங்கே வைப்பது?

கூரையில், அடிப்பக்கம் மேலே பார்க்க, பலகையின் அடியில் இருக்கிற செதில் (ஃபின்) முன்பக்கமாக, நாடாவால் கட்டி. மூடிய வேனுக்குள் வெயிலில் விட்டால், கால் வழுக்காமல் இருக்கப் பலகையில் தடவிய மெழுகு உருகி மெத்தையில் அப்பும், பலகையும் கொப்பளிக்கும். வெப்பநாட்டு மெழுகு என்று விற்பதுகூட நம்ம சித்திரை வெயிலில் நெய்தான்.

ராதாபுரம்: வேனோடு அப்படியே இலங்கைக்கும் போயிடலாமா?

வண்டி ஏற்றுகிற கப்பல் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஓடுவது பயணிகள் கப்பல். அங்கே போய் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அலைக்கு வெலிகம பக்கம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, அருகம்பே என்றால் மே முதல் செப்டம்பர் வரை.

முக்கூடல்: வேனில் என்ன சமைப்பீங்க அண்ணாச்சி?

காலையில் கரையில் வாங்கிய சாளை, புளிக்குழம்பு, சோறு. முதலூர் மஸ்கோத் அல்வா ஒரு பொட்டலம் எப்போதும் டேஷ்போர்டில் இருக்கும். ஒன்றே ஒன்று, மீனைக் குழம்பு வையுங்கள், வேனுக்குள் வறுக்க மட்டும் வறுக்காதீர்கள். போன தைப் பொங்கலுக்கு வறுத்தோம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு அதே வேனில் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு போனபோது, விரதம் இருந்த என் மாமியார் வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்தார்.