குடல் சுவரில் செல்களின் இடைவெளியை அடைப்பது கிளாடின் என்ற புரதம் என்றால், இசட்ஓ-1 என்ற இன்னொரு புரதம் எதற்கு?

காங்கயம் பக்கம் ஆட்டுப்பட்டி போடுவதைப் பார்த்திருந்தால் பாதி புரிந்த மாதிரிதான். மூங்கில் படல்களை வரிசையாக நிறுத்தினால் மட்டும் பட்டி ஆகிவிடாது. படலும் படலும் சேரும் இடத்தைக் கயிறு போட்டு முளைக்குச்சியோடு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் குட்டி முதலில் மூக்கை நுழைக்கும். விடிவதற்குள் பக்கத்துச் சோளக்காட்டில் நிற்கும்.

குடல் சுவரில் படல் என்பது கிளாடின், கயிறு இசட்ஓ-1. 1986இல் கண்டறியப்பட்ட இந்தப் புரதம் செல் சவ்வுக்கு உட்புறம் இருக்கிறது. இதில் பிடிஇசட் எனப்படும் பகுதிகள் மூன்று. முதலாவது, செல்லுக்குள் நீண்டிருக்கும் கிளாடினின் வால்நுனியைக் கவ்வும். புரதத்தின் மறுகோடி, செல்லின் உட்சட்டகமான ஆக்டின் இழைகளைப் பிடிக்கும். அதுதான் முளைக்குச்சி.

சரி, கயிறு அறுந்தால்? ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில் இசட்ஓ-1ஐ மட்டும் நீக்கினால் செல்களுக்கிடையே ஒட்டு அமைவது தாமதமாகும், அவ்வளவுதான், அதன் உறவுப் புரதமான இசட்ஓ-2 சமாளித்துவிடும். இரண்டையும் நீக்கியபோதோ, கிளாடின் இருந்தும் வரிசை கட்டவில்லை, அடைப்பே உருவாகவில்லை.

பட்டி உவமை ஒரு இடத்தில் உதைக்கும். கிளாடின் வகைகளில் ஒன்றான கிளாடின்-2 சோடியம் அயனிகளுக்குத் தானே சிறு வழி விடுகிறது. எந்தப் படலும் அப்படிச் செய்யாது.