58 டாலருக்குக் கேட்கிறார்கள், சந்தையில் 51-தான் போகிறது: விற்பதா, காத்திருப்பதா?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒரு அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். சம்பளத்தோடு வந்த ஆர்.எஸ்.யூ. பங்குகளை (நிறுவனம் ஊழியருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும் சொந்தப் பங்குகள்) விற்காமலே சேர்த்ததில் இப்போது 1,800 பங்குகள் இருக்கின்றன. என் சேமிப்பில் முக்கால்வாசி இதுதான். போன மாதம் எங்களைவிடப் பெரிய ஒரு டெக் நிறுவனம், எங்கள் போர்டின் (இயக்குநர் குழுவின்) சம்மதம் இல்லாமலேயே, ஒரு பங்குக்கு 58 டாலர் தருவதாக அறிவித்தது. அதில் 30 டாலர் ரொக்கம், மீதி அவர்களுடைய பங்கு. போர்டு 'விலை போதாது' என்று மறுத்துவிட்டது. 40 டாலரில் இருந்த பங்கு இப்போது 51-ல் நிற்கிறது. உடன் வேலை செய்பவர்கள் '65 வரை கூட்டுவான், பொறு' என்கிறார்கள். கடன் வாங்கி இன்னும் வாங்கலாம் என்றுகூட ஒருவர் சொல்கிறார். மனைவி 'வந்த வரைக்கும் லாபம், வித்துடுங்க' என்கிறார். வீட்டுக் கடன் 38 லட்சம் பாக்கி. மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் மனைவி சொல்வதில் மூன்றில் இரண்டு பங்கு எனக்குச் சம்மதம். 1,200 பங்குகளை விற்றுவிடுங்கள். 600-ஐ வைத்திருந்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். கடன் வாங்கி இன்னும் வாங்குவது என்ற பேச்சே வேண்டாம்.

ஆனால் எதையும் விற்பதற்கு முன்னால், உங்கள் நிறுவனத்தின் டிரேடிங் விண்டோ, அதாவது ஊழியர்கள் பங்கை வாங்க, விற்க அனுமதிக்கும் காலம், திறந்திருக்கிறதா என்று பாருங்கள். டேக்ஓவர் (ஒரு நிறுவனத்தை இன்னொன்று வாங்கும்) பேச்சு ஓடும்போது பல நிறுவனங்கள் ஊழியர்கள் பங்கு வாங்க, விற்கத் தடை போடும். முன் அனுமதி கேட்க வேண்டியும் இருக்கலாம். சட்டப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். இதில் அலட்சியமாக இருந்தால் வேலையே போகலாம், அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் விசாரணைக்கும் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

சரி, 58 டாலர் தருகிறேன் என்று ஒருவர் பகிரங்கமாகச் சொன்ன பிறகும் சந்தை ஏன் 51-தான் கொடுக்கிறது? நீங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அந்த 7 டாலர் இடைவெளியைத்தான். டீல் முடிந்தால் இங்கிருந்து 7 டாலர் ஏறும். முறிந்தால், பழைய 40-க்கே போனால், 11 டாலர் இறங்கும். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், பத்தில் ஆறு வாய்ப்பு முடியும், நான்கு முறியும் என்று சந்தை நினைக்கிறது. இது கறாரான கணக்கு இல்லை, ஒரு மதிப்பீடுதான். இருந்தாலும் உங்கள் 1,800 பங்குக்கு இதைப் போட்டுப் பாருங்கள்: 12,600 டாலர் கூடுதலாகக் கிடைப்பதற்காக 19,800 டாலரைப் பணயம் வைக்கிறீர்கள். மகளின் கல்லூரிக்கு ஒன்றரை வருடம்கூட இல்லாத நேரத்தில்.

உங்கள் நண்பர்கள் '65 வரும்' என்பதற்கு ஆதாரமில்லாமல் இல்லை. போர்டு மறுத்த பிறகு விலை கூடிய சம்பவங்கள் உண்டு. ஆனால் அதே நம்பிக்கையில் உட்கார்ந்து ஏமாந்த யாஹூ பங்குதாரர்களை நான் மறக்கவே மாட்டேன்.

2008 பிப்ரவரி 1 அன்று மைக்ரோசாஃப்ட், யாஹூவை ஒரு பங்கு 31 டாலருக்கு வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. மொத்தம் 4,460 கோடி டாலர். முந்தைய நாள் யாஹூ பங்கு 19.18 டாலரில் முடிந்திருந்தது. அதாவது 62 சதவீதம் அதிகம். யாஹூ போர்டு 'எங்களை மிகவும் குறைத்து மதிப்பிடுகிறீர்கள்' என்று நிராகரித்தது. மைக்ரோசாஃப்ட் 33 வரை ஏறி வந்தது. யாஹூ 37 கேட்டது. மே 3 அன்று, சனிக்கிழமை, மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் 'வேண்டாம்' என்று விலகிவிட்டார். திங்கள்கிழமை சந்தை திறந்தபோது யாஹூ பங்கு ஒரே நாளில் 15 சதவீதம் விழுந்தது. அந்த நவம்பரில் 10 டாலருக்கும் கீழே போனது. முப்பத்து மூன்றை வேண்டாம் என்று சொன்ன அதே வருடம்!

அந்தப் பேச்சு முறிந்ததில் சாதாரணப் பங்குதாரரை யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சனிக்கிழமை முடிவானது, திங்கள்கிழமைதான் அவரால் விற்க முடிந்தது. நீங்களும் அந்த இடத்தில்தான் இருக்கிறீர்கள். டிரேடிங் விண்டோ மூடியிருந்தால் திங்கள்கிழமைகூட உங்களுக்கு இல்லை.

யாஹூ கதையில் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் இன்னொரு விஷயம் உண்டு. அந்த 31 டாலரிலும் மொத்தத்தில் பாதிதான் ரொக்கம். மீதிப் பாதி, ஒரு யாஹூ பங்குக்கு 0.9509 மைக்ரோசாஃப்ட் பங்கு என்ற கணக்கில். அறிவிப்புக்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் பங்கே இறங்கியதால், 31 என்று சொன்ன ஆஃபரின் உண்மையான மதிப்பு 31-க்குக் கீழே வந்துவிட்டது. உங்கள் 58-லும் 28 டாலர் அவர்களுடைய பங்காகத்தான் வருகிறது. அது எத்தனை பங்கு என்று நிலையாகச் சொல்லியிருக்கிறார்களா, அல்லது 28 டாலருக்கு எத்தனை வருமோ அத்தனையா? ஆஃபர் ஆவணத்தில் இதைத் தேடிப் படியுங்கள். எண்ணிக்கை நிலையானது என்றால், அவர்கள் பங்கு இறங்க இறங்க உங்கள் 58-ம் கரையும்.

காத்திருந்து ஜெயித்தவர்களும் உண்டு என்றேனே, அது பீப்பிள்சாஃப்ட் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கதை. 2003 ஜூனில் அதை வாங்க ஆரக்கிள் ஒரு பங்குக்கு 16 டாலர் என்று ஆரம்பித்தது. பன்னிரண்டே நாளில் 19.50 ஆக்கியது. பீப்பிள்சாஃப்ட் போர்டு எதிர்த்து நின்றது. யாராவது கம்பெனியை வாங்கி மென்பொருளுக்கான ஆதரவைக் குறைத்தால், வாடிக்கையாளர்களுக்கு அவர்கள் கட்டிய லைசென்ஸ் தொகையைப் போல இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை திருப்பித் தருவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தது. வாங்குபவரின் செலவு எகிற வேண்டும் என்பதுதான் திட்டம். இந்த டீலைத் தடுக்க அமெரிக்க நீதித் துறையும் வழக்குப் போட்டது. ஆரக்கிள் 26-க்கு ஏறியது, பிறகு 21-க்கு இறங்கியது, 24-க்கு வந்தது. கடைசியில் 2004 டிசம்பரில் 26.50-க்கு, சுமார் 1,030 கோடி டாலருக்கு முடிந்தது. பதினெட்டு மாதம்! நடுவில் 26 இருபத்தொன்றான நேரத்தில் எத்தனை பேர் பயந்து விற்றிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

பங்குதாரருக்கு நல்ல முடிவு. ஆனால் கையெழுத்தான அடுத்த மாதமே ஆரக்கிள் 5,000 பேரை வேலையிலிருந்து அனுப்புவதாக அறிவித்தது. உங்கள் விஷயத்தில் என்னை உறுத்துவது இதுதான். நீங்கள் பங்குதாரர் மட்டுமில்லை, ஊழியரும்கூட. சம்பளம், சேமிப்பு, இனி வரவேண்டிய ஆர்.எஸ்.யூ. மூன்றும் ஒரே நிறுவனத்தில் இருக்கின்றன. டீல் முடிந்தால் பங்கு ஏறும், வேலை ஆடும். முறிந்தால் வேலை இருக்கும், பங்கு இறங்கும். பங்கும் இறங்கி, செலவைக் குறைக்கிறோம் என்று ஆட்குறைப்பும் வந்தால் என்ன செய்வீர்கள்? உங்கள் நண்பர்களிடமும் இதைக் கேளுங்கள்.

இனி வரவேண்டிய பங்குகள் பற்றி: உங்கள் கிராண்ட் கடிதத்தை (ஆர்.எஸ்.யூ. ஒதுக்கியபோது நிறுவனம் கொடுத்த கடிதம்) எடுத்து, நிறுவனம் கைமாறினால் என்ன ஆகும் என்ற பகுதியைப் படியுங்கள். பல கடிதங்களில் நிறுவனம் கைமாறுவது மட்டும் போதாது. அதன் பிறகு உங்களைக் காரணமில்லாமல் நீக்கினால்தான் மீதிப் பங்குகள் உடனே உங்கள் கணக்குக்கு வரும். நீங்களாகவே ராஜினாமா செய்தால் போச்சு. இது தெரியாமல் அவசரப்பட்டு வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

நம் ஊர்ப் பக்கத்து உதாரணம் ஒன்றும் சொல்ல வேண்டும். 2019 மார்ச்சில் எல் அண்ட் டி, பெங்களூர் ஐ.டி. நிறுவனமான மைண்ட்ட்ரீயை நிறுவனர்களின் எதிர்ப்பை மீறி வாங்கக் கிளம்பியது. முதலில் அதன் பெரிய பங்குதாரரான வி.ஜி. சித்தார்த்தாவின் 20 சதவீதச் சொச்சத்தை ஒரு பங்கு 980 ரூபாய்க்கு வாங்கியது. பிறகு அதே விலையில் மற்றப் பங்குதாரர்களிடமும் வாங்க ஓப்பன் ஆஃபர். நிறுவனர்கள் பைபேக் (நிறுவனமே தன் பங்குகளைத் திரும்ப வாங்குவது) மூலம் தடுக்கப் பார்த்து, அதைக் கைவிட வேண்டியதாயிற்று. ஜூனில் ஆஃபர் முடிந்தது, ஜூலையில் நிறுவனர்கள் வெளியேறினார்கள். சில மாதங்களிலேயே பங்கு 800-க்குக் கீழே வந்தது. அப்போது 980-க்குக் கொடுத்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் 2021-ல் அதே பங்கு 4,000 ரூபாயைத் தாண்டியது. கொடுக்காமல் வைத்திருந்த ஒரு வாடிக்கையாளர் எனக்கு உண்டு. அவருக்கு ஓய்வூதியம் வருகிறது, கடன் இல்லை, பிள்ளைகள் செட்டில் ஆகிவிட்டார்கள். 980 எழுநூற்றுச் சொச்சமானபோதும் அவரால் தூங்க முடிந்தது. உங்களால் முடியாது, முடியவும் வேண்டியதில்லை. 600 பங்குகளை வைத்துக்கொள்ளச் சொல்வதுகூட, மிச்சம் இருக்கிற நம்பிக்கைக்கு இடம் விடத்தான்.

அந்த 600-க்கு டெண்டர் ஆஃபர் வந்தால், அதாவது 'இந்த விலைக்கு உங்கள் பங்கைக் கொடுங்கள்' என்று வாங்குபவர் பங்குதாரர்களிடமே நேரடியாகக் கேட்டால், பயப்பட வேண்டாம். அமெரிக்க விதிப்படி ஆஃபர் குறைந்தது 20 வேலை நாள் திறந்திருக்க வேண்டும். கொடுத்த பங்கை, ஆஃபர் திறந்திருக்கும் வரை திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பிறகு விலையைக் கூட்டினால், முன்னாலேயே கொடுத்தவருக்கும் கூடிய விலைதான். ஆகவே 'முதலில் கொடுத்தால் நஷ்டம்' என்பது தவறு. ஆனால் உங்கள் புரோக்கர், கடைசித் தேதிக்கு ஓரிரு நாள் முன்பே தன் கெடுவை வைத்திருப்பார். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட டீலை அரசே தடுக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். சிப் நிறுவனமான பிராட்காம் 2018-ல் இன்னொரு சிப் நிறுவனமான குவால்காமை ஒரு பங்கு 79 டாலருக்குக் கேட்டது. மார்ச் 12 அன்று தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அதிபர் டிரம்ப் தடை போட்டார். அன்று குவால்காம் பங்கு 63 டாலருக்குள்தான் இருந்தது. 16 டாலர் இடைவெளியில் சந்தை முன்பே எச்சரித்திருந்தது.

வரி. ஒவ்வொரு பங்கும் உங்கள் கணக்குக்கு வந்த நாளின் விலையில்தான் சம்பளமாக வரி கட்டியிருப்பீர்கள். அந்த விலைதான் இப்போது உங்கள் அடக்க விலை. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வெளிநாட்டுப் பங்குக்கு லாபத்தில் 12.5 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும். அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரி விகிதப்படி, அதாவது பெரும்பாலும் 30 சதவீதம். எனவே பழைய லாட்களை (ஒரே தேதியில் கணக்குக்கு வந்த பங்குத் தொகுதிகளை) முதலில் விற்கச் சொல்லுங்கள். புரோக்கரிடம் லாட் எண்ணைக் குறிப்பிட்டுச் சொன்னால்தான் அப்படிச் செய்வார்கள். இந்தப் பங்குகளை வருடா வருடம் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டினீர்களா? இல்லையென்றால் உடனே ஆடிட்டரைப் பாருங்கள், 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரக்கூடிய இடம் அது.

அமெரிக்கக் குடிமகனாகவோ குடியிருப்பவராகவோ இல்லாத ஒருவர் இறந்தால், 60,000 டாலருக்கு மேற்பட்ட அமெரிக்கப் பங்குக்கு அந்நாட்டு எஸ்டேட் வரி (இறந்தவரின் சொத்து மீதான வரி) உண்டு. உங்கள் கையில் இன்று 91,800 டாலர். 1,200 விற்றால் மீதி 30,600. இந்தக் கவலையும் அதோடு தீரும்.

விற்றுவரும் 61,200 டாலரில் வரிக்கான பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். அடுத்து, ஒரு வருட வீட்டுச் செலவும் இ.எம்.ஐ.யும் சேர்த்து எஃப்.டி.யில். வேலை ஆடினால் அதுதான் தாங்கும். பிறகு மகளின் முதல் இரண்டு வருடக் கல்லூரிப் பணம். அப்புறம்தான் வீட்டுக் கடன். கடனை மொத்தமாக அடைத்துவிட்டு கையில் ரொக்கம் இல்லாமல் நிற்காதீர்கள்.

டிரேடிங் விண்டோ பற்றிப் பதில் வந்ததும், எந்தத் தேதியில் எத்தனை பங்கு, என்ன விலையில் கணக்குக்கு வந்தது என்ற பட்டியலை எனக்கு அனுப்புங்கள். எந்த லாட்டை முதலில் விற்பது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம், உங்கள் மனைவியும் இருக்கட்டும்.