ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய படகு மோட்டர் நின்றுவிடுகிறது, பிளக்கில் பொறி இல்லை. சிடிஐ மாற்ற வேண்டுமா?

மியான்மரில் மோல்மீன் பக்கத்து முடோனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பழைய யமஹா டூ ஸ்ட்ரோக் 40 குதிரைத்திறன் மோட்டர் ஒன்றைக் கைமாற்றாக வாங்கியிருக்கிறார், பேட்டரி ஸ்டார்ட் உள்ளது. ஆற்றில் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சாவியை அணைத்த மாதிரி டக்கென்று நின்றுவிடுகிறதாம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி இல்லை. கொஞ்ச நேரம் விட்டால் தானாக வந்துவிடுகிறது. கடையில் சிடிஐ பெட்டியை, அதாவது பொறிக்கான மின்சாரத்தைத் தட்டிவிடும் பெட்டியை, மாற்றச் சொல்கிறார்கள். மூடியைத் திறந்தால் வயரெல்லாம் டேப் சுற்றிக் கிடக்கிறது. பெட்டியை வாங்கலாமா, அப்புறம் பராமரிப்பு எப்படி என்பது கேள்வி.

தம்பி, பெட்டியை இப்போது வாங்காதீர்கள். மோல்மீன் கரையில் படகு மோட்டர் வேலைதான் எனக்குப் பிழைப்பு. பொறி வரவில்லை என்று வரும் பழைய மோட்டர்களில் பெட்டி கெட்டுப்போனதைவிட, யாரோ ஒருவர் கையால் முறுக்கிய வயர்தான் அதிகம் மாட்டுகிறது. பெட்டி விலை உயர்ந்தது. அதை மாற்றியும் மோட்டர் நின்றால் பணமும் போய், சந்தேகமும் அப்படியே இருக்கும்.

முதலில், இது பெட்ரோல் கோளாறு இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பெட்ரோல் வராமல் நிற்கும் மோட்டர் டக்கென்று நிற்காது. திணறும், வேகம் குறையும், பெட்ரோல் குழாயில் உள்ள கைப்பம்பை அமுக்கினால் மறுபடி மூச்சு வரும். டாங்கி மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்தாலே அப்படி ஆகும். உங்களுடையது ஒரே வெட்டாக நிற்கிறது, பொறியும் இல்லை என்கிறீர்கள். ஆகவே மின்சாரப் பக்கம்தான்.

இந்த மோட்டர் பேட்டரி இல்லாமலும் பொறி கொடுக்கும். சக்கரத்துக்கு, அதாவது ஃப்ளைவீலுக்கு, அடியில் இருக்கும் சார்ஜ் காயில் மின்சாரம் உண்டாக்குகிறது. பல்சர் காயில் நேரம் சொல்கிறது. சிடிஐ அதைத் தேக்கி வைத்து இக்னிஷன் காயிலுக்குத் தட்டிவிடுகிறது. நிறுத்துவதற்கு ஒரே வழி, ஸ்டாப் வயரை எர்த்தோடு சேர்ப்பது. யமஹாவில் அந்த வயர் வெள்ளை, எர்த் கறுப்பு. சாவியை அணைத்தாலும், கையில் மாட்டும் சிவப்புக் கயிற்றை இழுத்தாலும், வெள்ளை போய் கறுப்பைத் தொடுகிறது, பொறி நிற்கிறது. வயர் தோல் உரிந்து எஞ்சின் இரும்பில் பட்டாலும் நடப்பது அதேதான். மோட்டருக்கு வித்தியாசம் தெரியாது.

அதனால் நின்றுபோன உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: சிடிஐயிலிருந்து வெளியே ஹார்னஸுக்கு, அதாவது வயர்க்கட்டுக்கு, போகும் வெள்ளை வயரை எஞ்சின் பக்கத்திலேயே கழற்றிவிட்டு, மறுபடி ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றிப் பாருங்கள். பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் இரும்புப் பகுதி எஞ்சினில் அழுந்தி நிற்கும்படி, பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். பிளக்கை எர்த்தில் வைக்காமல் அந்தரத்தில் விட்டுச் சுற்றினால் சிடிஐக்கே கேடு. பொறி வந்துவிட்டால் பெட்டி நல்லது. கோளாறு சாவி, கயிற்று சுவிட்ச், இடையில் உள்ள வயர் இவற்றில் ஒன்றில். வெள்ளை கழன்றிருக்கும்போது சாவியால் மோட்டரை நிறுத்த முடியாது என்பதை மறக்க வேண்டாம். சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். சோதனை முழுக்க கியர் நியூட்ரலில் இருக்கட்டும், காத்தாடி (புரொப்பெல்லர்) பக்கம் ஆள் இருக்கக் கூடாது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: பல்பு போட்டுப் பார்க்கிறேன், பேட்டரி வயரைத் தொட்டுப் பார்க்கிறேன் என்று அந்த வெள்ளை வயரில் 12 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள். நல்ல சிடிஐயும் அதோடு போய்விடும்.

அடுத்தது மீட்டர். ஹார்னஸ் பிளக்கைக் கழற்றி, பீப் சத்தம் வரும் நிலையில் மீட்டரை வையுங்கள். சாவி ஆனில், சிவப்புக் கயிற்றின் கிளிப் மாட்டியிருக்கும்போது வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே சத்தம் வரக் கூடாது. சாவியை அணைத்தால் வர வேண்டும், கிளிப்பை உருவினாலும் வர வேண்டும். இது சரியாக இருந்தால், சாவியை ஆனிலேயே வைத்து ஒருவர் மோட்டரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பட்டும், நீங்கள் வயர்க்கட்டை அங்குலம் அங்குலமாக ஆட்டுங்கள். எங்கே பீப் கேட்கிறதோ அங்கேதான் திருடன்.

பிலூகியூன் தீவுப் பக்கத்துப் படகு ஒன்று இப்படித்தான் வந்தது. நேராகப் போகும்போது ஒன்றும் இல்லை, இடது பக்கம் முழுக்கத் திருப்பினால் மட்டும் நின்றுவிடும். வயர்க்கட்டு எஞ்சின் தொட்டிக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லை. தகர விளிம்பு வெள்ளை வயரின் தோலை நகம் அளவுக்குச் சீவியிருந்தது. உள்ளே செம்பு பளபளவென்று தேய்ந்திருந்தது, அதாவது அது ரொம்ப நாளாகத் தொட்டுத் தொட்டு ஓடியிருக்கிறது. ரப்பர் வளையமும் ஒரு முழம் வயரும் போட்டதில் சரியாகிவிட்டது.

வெள்ளையைக் கழற்றியும் பொறி வராவிட்டால்தான் காயில்களுக்குப் போக வேண்டும். ஆறின பிறகு வந்துவிடுகிறது என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்கிறேன். சூடானதும் உள்ளுக்குள் விட்டுப்போகும் காயில், ஆறினதும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே கரையில் குளிர்ந்த நிலையில் மீட்டரில் ஓம் (மின்தடை) பார்த்துவிட்டு நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். நின்ற சூட்டோடு பாருங்கள். எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் மாடல் புத்தகத்தில் இருக்கும். சிடிஐ கொடுக்கும் மின்சாரத்தைச் சாதாரண மீட்டர் சரியாகக் காட்டாது, உச்ச வோல்ட் பார்க்கும் இணைப்பு வேண்டும். ஃப்ளைவீலைக் கழற்ற நேர்ந்தால் புல்லர் கருவி போட்டுத்தான் கழற்ற வேண்டும். சுத்தியலை அங்கே காட்டவே கூடாது.

இப்போது அந்த டேப் மூட்டைக்கு வருவோம். கோளாறு எங்கே இருந்தாலும் இதைப் பிரித்தே ஆக வேண்டும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் உப்பு ஈரம் புகுந்தால் வெளியே வராது. வயரை வெட்டித் தோலைச் சீவிப் பாருங்கள், செம்பு கறுத்துப் பொடிப்பொடியாக உதிரும். பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். கறுப்பு உள்ளே ஏறிக்கொண்டே போனால் அந்த வயரை முழுசாகவே தூக்கிப் போடுங்கள். வெள்ளீயம் பூசிய படகு வயர் கிடைத்தால் அதுதான் நல்லது. இணைப்புக்கு கிரிம்ப் (நசுக்கி இறுக்கும் குழல்) போட்டு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடாக்கி மூடுங்கள். வெறும் பற்றவைப்பு வேண்டாம், அதிர்வில் பற்றவைத்த ஓரத்திலேயே வயர் ஒடியும். பழைய ஆள் வீட்டு வயரைப் போட்டிருந்தால் நிறத்தை நம்பாதீர்கள், எஞ்சினின் சொந்தப் பிளக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடித்து வாருங்கள். யமஹாவில் சிவப்பு பேட்டரியிலிருந்து வருவது, மஞ்சள் சாவி ஆனில் உயிர் பெறுவது, பழுப்பு ஸ்டார்ட்டருக்கு. பழுப்பின் வழியில் நியூட்ரல் சுவிட்ச் உட்கார்ந்திருக்கும். வேறு கம்பெனி மோட்டரில் இந்தக் கணக்கு செல்லாது. மெர்க்குரியில் ஸ்டாப் வயர் கறுப்பும் மஞ்சளும் கலந்தது.

எர்த்தையும் விடாதீர்கள். பேட்டரி நெகட்டிவிலும் எஞ்சின் இரும்பிலும் மீட்டரை வைத்து ஸ்டார்ட்டரை அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கேபிளோ போல்ட்டோ அழுக்கு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். ஓடும்போது பேட்டரியைக் கழற்றவே கூடாது, பிளஸ் மைனஸை மாற்றி மாட்டவும் கூடாது. இரண்டிலும் பேட்டரிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் ரெக்டிஃபையர் போகும்.

பராமரிப்பில் நம் ஊருக்கு முதல் எதிரி சேறு. மார்த்தபான் வளைகுடா உலகத்திலேயே கலங்கல் மிகுந்த கடல் பகுதிகளில் ஒன்று. பெரிய அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் தான்லுவின் ஆற்று முகத்தில் தண்ணீர் குழம்பாகவே ஏறி இறங்குகிறது. அந்த மண்ணை நாள் முழுக்கத் தள்ளுவது கீழ்க்காலில் இருந்து எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கும் சின்ன ரப்பர் இம்பெல்லர். தெளிந்த தண்ணீரில் இரண்டு வருடம் வருவதை இங்கே வருடம் ஒருமுறை மாற்றுங்கள். கைமாற்று மோட்டர் என்றால் வாங்கியவுடனே மாற்றுங்கள், பழைய ஆள் சொன்ன கணக்கு வேண்டாம். பின்னால் பீச்சும் தண்ணீர் மெலிந்தால் உடனே வேகத்தைக் குறைத்துக் கரைக்கு வாருங்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது, ரப்பர் கருகிவிடும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவுங்கள். சில நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கடைசியில் பெட்ரோல் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் காலியாகித் தானாக நிற்கும்வரை விடுங்கள்.

எண்ணெய்க் கலவை மாடல் புத்தகம் சொல்வதுதான். பெரும்பாலும் 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. படகு மோட்டருக்கான டிசி-டபிள்யூ3 எண்ணெய் மட்டும் ஊற்றுங்கள், மோட்டார்சைக்கிள் எண்ணெய் வேண்டாம். மோட்டருக்குப் பதிலாக அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றுங்கள், அதன் மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள்.

கியர் ஆயிலை இந்த மழைக்கு முன்னால் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போகிறது என்று அர்த்தம். சீல் மாற்றாமல் வெறும் ஆயில் மாற்றிப் பயனில்லை. புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக அமுக்கி ஏற்ற வேண்டும். மேல் துளையில் வழியும்போது முதலில் மேல் திருகை மூடி, பிறகு கீழ்த் திருகை மூடுங்கள். இரண்டுக்கும் புது வாஷர் போடுங்கள்.