கடுக்காய்க் காரும் சில கடிதங்களும்

கேள்வி: சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே "எங்கள் வீட்டுக் கடுக்காய்க் கார்" என்று எழுதிவிட்டு, மேலே ஒன்றும் சொல்லாமல் போய்விட்டீர்கள். அது என்ன கார்? – வாசகி, குடியாத்தம்

பதில்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டே கதவு, மேலே வெள்ளை, கீழே பச்சை, பின்னால் மீன் துடுப்பு. 1974-இல் அப்பா அதை ராணிப்பேட்டையில் பழைய வண்டியாக வாங்கினார். பெட்ரோல் விலை ஏறிப்போய், கார் வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம். "வித்தவருக்குச் சனி வுட்டுச்சு, நம்மளப் புடிச்சுது" என்பது அம்மாவின் கணக்கு.

அப்பாவுக்கு டேனரிகளுக்குக் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் கொடுக்கும் வியாபாரம். தோலைப் பதப்படுத்த இவை இரண்டும் வேண்டும். ஜவ்வாது மலைக் கடுக்காய் போளூருக்கு இறங்கும். அதை மாதிரிக்கு என்று டிக்கியில் போட்டுக்கொண்டு பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று சுற்றுவார். மாதிரி என்றால் ஒரு பை இல்லை, மூட்டைகள். டிக்கி நிறைந்தால் பின் சீட்டு. திரும்பி வரும்போது டேனரி வாடையும் கூடவே ஏறிக்கொள்ளும். அம்மா சாம்பிராணி போட்டுப் பார்த்தார். மூன்று வாசனையும் கலந்து இன்னும் மோசமானதுதான் மிச்சம். வேலூர் வேலப்பாடியில் எங்கள் தெருமுனையில் வண்டி திரும்பும்போதே, கண்ணை மூடிக்கொண்டிருப்பவருக்கும் யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது.

வேலூரைப் பற்றிய பழைய கிண்டல் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. எதிர்வீட்டு பீடி மண்டிக்காரர் அதன் கடைசியில் "ஓட்டம் இல்லாத காரு" என்று எங்கள் வண்டியைச் சேர்த்துவிட்டார். தெருப் பிள்ளைகள் அதையே ராகம் போட்டுப் பாடும். 1981 மார்ச்சில் ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்தார். ஊரே கோட்டைப் பக்கம் போய் வந்துகொண்டிருந்த அந்த நாட்களில் மண்டிக்காரர் அப்பாவை மறித்து, "இன்னா சார், கோயிலுக்கே சாமி வந்துடுச்சு. உங்க காருக்கு எப்ப ஓட்டம் வரும்?" என்றார். அப்பா வாயைத் திறக்கவில்லை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

கேள்வி: உண்மையிலேயே அது அவ்வளவு மட்டமான வண்டியா, அல்லது தெருவின் வாய்க்கொழுப்பா? எங்கள் தலைமுறைக்கு அந்தப் பெயரே தெரியாது. – கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: பாதிக்கு மேல் வாய்க்கொழுப்பு. ஆனால் வாய்க்குத் தீனி போட்டது அந்த வண்டியின் பின் சக்கரங்கள்தான்.

அன்றைக்கு நம் நாட்டில் கார் என்றால் அம்பாசிடர், பியட், அடுத்தது இந்த ஹெரால்டு. மூன்றில் இதுதான் நம்ம ஊர்ப்பிள்ளை. வண்டலூருக்குப் பக்கத்தில், பெருங்களத்தூர் தொழிற்சாலையில் 1961-இலிருந்து தயாரானது. இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ப் ஹெரால்டின் வாரிசு. வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 948 சி.சி. எஞ்சின். அம்பாசிடர் பக்கத்தில் நின்றால் இது ஒல்லி, ஆனால் களை இதற்குத்தான். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அம்பாசிடரில் பின் சக்கரம் இரண்டும் ஒரே ஹவுசிங்கில், அதாவது அச்சை மூடிய இரும்புக் கூட்டில், இறுகக் கோத்திருக்கும். ஹெரால்டில் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். அதன் இரு முனையிலும் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும். ஆள் ஏறாமல் இருந்தால் வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். பாரம் ஏறினால் சக்கரத்தின் மேல்விளிம்பு உள்ளே சாய்ந்து, கீழ்விளிம்பு வெளியே போய், நடை பழகும் குழந்தை காலை அகட்டி நிற்குமே, அப்படி நிற்கும். டயர் உள்பக்கம் மட்டும் தேயும். கடுக்காய் மூட்டையோடு எங்கள் வண்டி லாங்கு பஜாரில் போனால், பின்னால் வரும் ரிக்‌ஷாக்காரர் எல்லாம் "யோவ், சக்கரம் கழலுது" என்று கத்துவார்கள். அப்பா கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போவார்.

எங்கள் வேலூர்ச் சைதாப்பேட்டையில் வண்டி பழுது பார்த்த பாய் ஒருவர்தான் நியாயம் பேசுவார். "வண்டி மேல தப்பே இல்லண்ணே. இது ரெண்டு பேரு, ஒரு பொட்டி போற வண்டி. நீங்க இதுல ஒரு மண்டியவே ஏத்துறீங்க." ஹெரால்டின் பானெட்டு மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். பாய் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு, டீ கிளாஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வார். எந்தப் போல்டுக்கும் கை நேராகப் போகும். இந்த வசதிக்காகவே அவருக்கு அந்த வண்டி மேல் பிரியம். தெருவுக்கோ அதுவும் கேலிதான்: "வாயப் பொளந்துடுச்சுடோய்!"

இன்னொன்று சொல்கிறேன். சுமார் 25 அடி வட்டத்துக்குள் அது திரும்பிவிடும். மண்டி வீதியில் அம்பாசிடர்காரர் முன்னும் பின்னும் எடுத்து வியர்த்துக்கொண்டிருக்கும்போது, அப்பா ஒரே வளைப்பில் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அதை யாரும் பாட்டில் சேர்க்கவில்லை.

நம் சாலைக்கும் நம் பாரத்துக்கும் அந்தப் பின்பக்கம் ஒத்துவராது என்பதைத் தயாரித்தவர்களும் உணர்ந்தார்கள். 1972-இல் வந்த கேஸல் மாடலில் அதை எடுத்துவிட்டு வழக்கமான ஹவுசிங் வைத்தார்கள். 1977-இல் அதுவும் நின்றது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய வண்டி வந்தது. மூன்று வருடத்தில் கதை முடிந்தது. அதற்குள் ஊரெல்லாம் மாருதி.

கேள்வி: இரண்டு கதவு வண்டியில் குடும்பத்தோடு எப்படிப் போய்வந்தீர்கள்? – இல்லத்தரசி, ஆரணி

பதில்: பெரிய பாடு. முன் சீட்டை மடக்கினால்தான் பின்னால் ஏற முடியும். முதலில் பாட்டி. புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, "முருகா" என்று தலையைக் குனிந்து நுழைவார். அவர் உள்ளே போய்விட்டால் ஊர் சேரும்வரை இறங்க மாட்டார். இறங்கினால் மறுபடி ஏற வேண்டுமே! பிறகு அத்தை, அம்மா, நாங்கள், மடியில் புளிச்சோற்றுத் தூக்கு.

திருவண்ணாமலை தீபத்துக்குப் போவதுதான் எங்களுக்குப் பெரிய பயணம். கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர் என்று ஐம்பது மைல். அப்போது அதுவும் எங்கள் வடஆற்காடு மாவட்டம்தான், 1989-இல்தான் பிரித்தார்கள். கிண்டல் செய்த மண்டிக்காரர் குடும்பமும் எங்களோடு வரும். பேருந்தில் நசுங்குவதற்கு இது தேவலை என்பது அவர் வாதம். ஒரு தடவை, இந்தப் பாரத்தோடு கண்ணமங்கலம் தாண்டி வண்டி ஆவி விட்டு நின்றது. மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு அண்ணன் கிணறு தேடிப் போனான். தண்ணீர் ஊற்றியும் கிளம்பவில்லை. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். தீபத்துக்குப் போகும் பேருந்துகள் ஒவ்வொன்றும் எங்களைக் கடக்கும்போது ஜன்னல் முழுக்கத் தலை, "தள்ளு! தள்ளு!" என்று ஒரே கூச்சல். தள்ளிக்கொண்டிருந்த மண்டிக்காரர் நிமிர்ந்து, "இன்னாடா சிரிப்பு, உங்கப்பன் வெச்சிருக்கானா காரு?" என்று பேருந்தைப் பார்த்துக் கத்தினார். அம்மாவும் அத்தையும் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதில் பாட்டிக்குக் கோபமே வந்துவிட்டது.

அந்த மனிதர் அதோடு திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். அவர் மகளுக்கு நடுராத்திரியில் வலி கண்டபோது எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டினார். வண்டி முதல் இழுப்பிலேயே கிளம்பியது. விடிவதற்குள் ஆண் குழந்தை. பதினோராம் நாள் புண்ணியாசனத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம், "கொழந்தய மோந்து பாருங்க, கடுக்கா வாசன வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கேள்வி: அதில் நீங்கள் ஓட்டப் பழகினீர்களா? – வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்.

கேள்வி: தாத்தாவின் 1969-ஆம் வருட பியட் கொட்டகையில் தூங்குகிறது. தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். மாமா இரும்புக்கடைக்குப் போடலாம் என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்? – வாசகர், ஆம்பூர்

பதில்: முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். அது இல்லாமல் மற்றது எல்லாம் வீண் பேச்சு. இருந்தால், வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31 கொடுக்க வேண்டும். வாரிசுகளில் மாமாவும் உண்டென்றால் அவர் சம்மதமும் வேண்டியிருக்கும், ஆகவே இப்போதே சண்டை பிடிக்காதீர்கள்.

சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். ஓட்டவே போவதில்லை, காட்சிக்கு மட்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சேஸ், உடம்பு, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாத வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடம் செல்லும். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அதில் தினம் கடைக்கும் கல்யாணத்துக்கும் போக முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். உங்கள் வண்டி 1969 என்பதால் தகுதி இருக்கிறது.

ஆர்வத்தில் புது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகிவிடாதீர்கள். பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்து, சுற்றினால் மட்டும் அடுத்த வேலை. எலி கடித்த ஒயர் நிச்சயம் இருக்கும். பிரேக் ரப்பரும் ஹோஸும் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். பியட்டுக்குச் சாமான் கிடைப்பது கஷ்டமில்லை. சென்னை புதுப்பேட்டையில் ஒரு பகல் அலைந்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

அதற்குள் இரும்புக்கடைக்காரர் என்ன விலை சொன்னார் என்று மாமாவிடம் கேட்டு எழுதுங்கள். 1986-இல் எங்கள் ஹெரால்டை எந்த விலைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள் என்று நானும் எழுதுகிறேன். மாமாவுக்கே சிரிப்பு வரும்.