கை தூக்கியவர்கள் ஏன் உள்ளே போனார்கள்?

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் சம்பள உயர்வு கேட்டுப் போன வருடம் ஸ்டிரைக் அறிவித்தோம். கூட்டத்தில் அத்தனை பேரும் கை தூக்கினார்கள், மூன்றாம் நாளே பாதிப் பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த முறை உடையாமல் இருக்க என்ன செய்வது?

பதில்: பக்கத்தில் இருப்பவர் கை தூக்கும்போது தானும் தூக்கிவிடலாம். வீட்டுக்குப் போய் வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் நினைக்கும்போதுதான் பயம் வரும். அதனால் தேதி குறிப்பதற்கு முன்பே பலத்தைச் சோதித்துப் பாருங்கள். முதலில் மனுவில் கையெழுத்து வாங்குங்கள், அப்புறம் ஒரு நாள் எல்லோரும் கோரிக்கை அட்டை அணிந்து வேலை பாருங்கள். சூப்பர்வைசர் கண் முன்னால் அட்டை குத்தத் தயங்குகிறவர் கேட்டுக்கு வெளியே பத்து நாள் நிற்பார் என்று நம்ப முடியாது. எந்த ஷிஃப்டில், எந்தப் பிரிவில் ஆள் குறைகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். அங்கே சங்கத் தலைவர் போய்ப் பேசுவதைவிட, அந்தப் பிரிவில் ஒரு பிரச்சினை என்றால் மற்றவர்கள் யாரிடம் யோசனை கேட்கிறார்களோ அவரைப் பிடிப்பதுதான் முக்கியம். அவர் சங்கத்தைத் திட்டுகிறவராகவே இருக்கலாம், பரவாயில்லை, வாதாடாமல் அவருக்கு வேலையில் எது உறுத்துகிறது என்று கேளுங்கள். கோரிக்கைப் பட்டியலில் அது இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வயிறு. 1912-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் நகரில், வார வேலை நேரம் 56 மணியிலிருந்து 54 ஆகக் குறைந்தபோது கூலியையும் சேர்த்துக் குறைத்ததால், 20 ஆயிரத்துக்கும் அதிகமான மில் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள், பேச்சு மொழிகூட ஒன்றில்லை. ஒவ்வொரு நாட்டவருக்கும் போராட்டக் குழுவில் இடம் கொடுத்தார்கள், பொதுச் சமையல் நடத்தினார்கள், குழந்தைகளில் பலரை வெளியூர் ஆதரவாளர்கள் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அப்படித்தான் கடும் குளிரில் இரண்டு மாதம் தாக்குப்பிடித்து, கூலி உயர்வு வாங்கிக்கொண்டு மில்லுக்குத் திரும்பினார்கள். நீங்களும் நிதியை இப்போதே சேர்க்க ஆரம்பியுங்கள். யார் வீட்டில் ஒரே சம்பளம், யாருக்கு மாதாமாதம் மருந்துச் செலவு என்பது குழுவுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கிடங்கில் சரக்கு தேங்கிக் கிடக்கும் மாதத்தில் ஸ்டிரைக்கில் இறங்காதீர்கள், அது நிர்வாகத்துக்குத்தான் வசதி. முன்னறிவிப்பு எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? போன வருடம் மூன்றாம் நாள் உள்ளே போனவர்களைக் கருங்காலி என்று ஒதுக்கி வைத்திருப்பீர்கள். அவர்கள் வீட்டுக்கு முதலில் போங்கள், எதனால் போனார்கள் என்று கோபமில்லாமல் கேளுங்கள்.